கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் ஒரு டயர் கடை: ஸ்டியரிங் இழுக்கும் கார்களுக்கு

ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று சொன்ன மாத்திரத்தில் காரை, சக்கரங்களின் கோணங்களைச் சரிபார்க்கும் வீல் அலைன்மென்ட் மேடையில் ஏற்றிவிடுவதுதான் பெரும்பாலான டயர் கடைகளின் வழக்கம். கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் இருக்கும் இந்தச் சிறிய கடையில் அப்படிச் செய்வதில்லை என்பதே இதைப் பற்றி எழுதுவதற்கு முதற்காரணம். உட்கார நல்ல நாற்காலி கிடையாது, நிற்பதற்கு நிழலும் குறைவு. ஆனால் காரின் போக்குக்கும் டயருக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொண்டு வேலை செய்கிறார்கள்.

என்னுடைய மாருதி ஸ்விஃப்ட் காருக்கு 185/65 ஆர்15 அளவில் (அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் விட்டம் 15 அங்குலம்) நான்கு டயர்களையும் வேறோர் ஊரில் புதிதாக மாற்றியிருந்தேன். அதற்குப் பிறகு, சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கி தேசிய நெடுஞ்சாலையில் வரும்போது, ஸ்டியரிங்கில் பிடியைச் சற்றுத் தளர்த்தினாலே வண்டி இடப்பக்கம் நகரத் தொடங்கியது. மழைநீர் வடிவதற்காகச் சாலையை இடப்புறம் லேசாகச் சாய்த்தே போடுவார்கள் என்பதால் கொஞ்சம் இடப்பக்கம் போவது இயல்புதான். இங்கோ கை ஓயாமல் எதிர்ப்பக்கம் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. டயர் விற்ற கடையில் மீண்டும் அலைன்மென்ட் பார்த்தார்கள், திரையில் எல்லா அளவுகளும் பச்சை நிறத்தில் வந்தன, இழுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

ராயக்கோட்டை சாலைக் கடையின் உரிமையாளர் முதலில் நான்கு டயர்களின் காற்றையும் தாமே அளந்தார். முன்பக்கம் ஒரு டயரில் மட்டும் காற்று குறைந்திருந்தால் அது உருள்வதற்குக் கூடுதலாகத் தடை கொடுத்து, வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். காற்று சரியாக இருக்கவே, வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி டயரை மாத்திப் பார்த்துடலாம் சார்" என்றார். முன்பக்க டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றி மாட்டியதும், அதுவரை இடப்பக்கம் இழுத்த கார் வலப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. கோளாறு சஸ்பென்ஷனிலோ அலைன்மென்ட் கோணங்களிலோ இருந்திருந்தால், டயர் இடம் மாறியதற்காக இழுப்பின் திசை இப்படித் தலைகீழாகியிருக்காது.

ரேடியல் டயரின் ரப்பருக்கு அடியில் இருக்கும் எஃகுப் பட்டைகள் தயாரிப்பின்போது மிகச் சிறிதளவு நடுவிலிருந்து விலகி அமைந்துவிட்டால், டயரின் இரு தோள்களும், அதாவது ஓரங்களும், ஒரே விறைப்புடன் இருப்பதில்லை. கண்ணுக்கு உருண்டையாகத் தெரிந்தாலும், பாரம் ஏறி உருளும்போது அது கூம்பைப் போல நடந்துகொள்ளும். டீக்கடைக் காகித டம்ளரை மேசையில் படுக்கவைத்து உருட்டினால் நேராகப் போகாமல் வளைந்து போவதைப் போலத்தான் இதுவும். உரிமையாளர் அடுத்து வலப்பக்க முன் டயரை அதே பக்கத்துப் பின் சக்கரத்துக்கு அனுப்பினார், இழுப்பு நின்றுவிட்டது. பின்பக்கம் போனாலும் டயரின் குணம் மாறுவதில்லை என்றாலும், திரும்பாத சக்கரத்தில் இருப்பதால் ஸ்டியரிங்கில் அது உணரப்படுவதில்லை. அதன் பிறகே வண்டி அலைன்மென்ட் மேடைக்குப் போனது. அங்கே டோ கோணத்தில், அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவில், சிறிய திருத்தம் மட்டுமே தேவைப்பட்டது.

அந்தக் கோணம் தவறினால் டயர் என்ன ஆகும் என்பதற்கு மூலையில் கிடந்த ஒரு பழைய டயரைக் காட்டினார். அதன் பட்டன் மேல், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகளின் மேல், உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் வழவழவென்று போனது, திரும்பத் தடவினால் ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் ரம்பம் போலக் கையில் தட்டியது. பட்டன் உயரம் போதுமான அளவு இருந்தும், கூச்சலும் அதிர்வும் தாங்க முடியாமல் அதைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

நான் இருந்த நேரத்தில் தர்மபுரியிலிருந்து வந்த ஒருவர், இரண்டு டயர்கள் மட்டும் புதிதாக வாங்கி அவற்றை முன்பக்கம் மாட்டச் சொன்னார். என்ஜின் முன்சக்கரங்களைத்தானே சுழற்றுகிறது என்பது அவர் வாதம். உரிமையாளரோ புதியவற்றைப் பின்பக்கம்தான் மாட்டுவேன் என்று நின்றார். அவர் சொன்னதே சரி. ஈரச் சாலையில் முன்டயர் பிடியை இழந்தால் வண்டி வளைவில் திரும்பாமல் வெளிப்புறம் நழுவும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் அது கட்டுக்குள் வந்துவிடும். பின்டயர் பிடியை இழந்தாலோ வண்டியின் வால் வீசிச் சுழலும், அதை மீட்பது சாதாரண ஓட்டுநரால் ஆகிற காரியமன்று. ஐப்பசி மழையில் தொப்பூர் கணவாயில் வளைந்து வளைந்து இறங்கியவர்களுக்கு இதை மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

அளவு மாற்றிப் போடும் விஷயத்திலும் கடையின் ஆலோசனை நிதானமாக இருக்கிறது. 165/80 ஆர்14 டயரின் பக்கச்சுவர் உயரம் 132 மில்லிமீட்டர். 185/65 ஆர்15 டயரில் அது ஏறத்தாழ 120 தான். மொத்த விட்டம் இரண்டிலும் 620 மில்லிமீட்டரை ஒட்டியே வருவதால் ஸ்பீடோமீட்டர் கணக்கு மாறுவதில்லை. பக்கச்சுவர் குட்டையாக இருப்பதால் அது குறைவாகவே நெளிகிறது, ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் வண்டியும் திரும்புகிறது. பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைப்பாதை வளைவுகளில் இந்த வேறுபாட்டை நன்றாகவே உணரலாம். அதற்கு விலையாக, பள்ளங்களில் அடி சற்றுப் பலமாக விழும், நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கும் கொஞ்சம் கனக்கும். இதைவிட அகலமான டயரை அதே ரிம்மில் கேட்டுவந்த ஓர் இளைஞரைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். வியாபாரத்துக்கு நஷ்டம்தான், ஆனாலும் செய்தார்.

குறைகளும் உண்டு. வேலை செய்யும் பையன்கள் வீல் நட்டுகளை ஏர் கன்னாலேயே கடைசி வரை முறுக்கிவிடுகிறார்கள். வழியில் பஞ்சரானால் காரோடு வரும் ஸ்பேனரால் அவற்றைக் கழற்ற முடியாது. நட்டை அளவோடு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது, கேட்டால்தான் கைக்கு வருகிறது. சக்கரத்தின் எடையைச் சமப்படுத்தும் பேலன்சிங்கில் எடைத்துண்டுகளை ஒட்டுவதற்கு முன் ரிம்மைத் துடைப்பதையும் சொல்லித்தான் செய்விக்க வேண்டும். ஒட்டாமல் விழுந்துவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் அதிர்வு திரும்பிவிடும். முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கில் தெரியும், பின்சக்கரம் என்றால் இருக்கையில் தெரியும். நைட்ரஜனுக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள், நான் வேண்டாமென்றேன். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது.

பில்லில் ஒவ்வொரு டயரின் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறித்துத் தருவது நல்ல பழக்கம். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும்.

கிருஷ்ணகிரியிலேயே இருப்பவர்கள் காலையில் போவது நல்லது. ஓசூர், தர்மபுரி பக்கமிருந்து ஓட்டிக்கொண்டு வருபவர்களின் டயர் சூடாக இருக்கும், காற்றழுத்தமும் சில பிஎஸ்ஐ கூடியிருக்கும். கதவருகே ஒட்டியிருக்கும் அட்டவணையின் எண்ணுக்கு அப்போதே இறக்கிவிட்டால், டயர் ஆறிய பிறகு அழுத்தம் குறைவாகி ஸ்டியரிங் மந்தமாகும். மாம்பழப் பருவத்தில் பின்னால் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகிறவர்கள், அதே அட்டவணையில் முழுப் பாரத்துக்கென்று போட்டிருக்கும் பின்டயர் அளவைக் கேட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.