தூங்கும் கணினியை எழுப்பும் பவர் பட்டன்: விண்டோஸா, லினக்ஸா?

உறக்கத்திலிருக்கும் மடிக்கணினியின் பட்டனை அழுத்துகிறோம். திரை இருட்டாகவே இருக்கிறது; பொறுமையிழந்து மீண்டும் அழுத்துகிறோம். முதல் அழுத்தம் எழுப்பும், இரண்டாவது புதிய கட்டளை. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது அழுத்தம்
விண்டோஸ்: மடிக்கணினிகளில் பெரும்பாலும் மீண்டும் உறக்கம். எரிச்சல்தான், இழப்பில்லை.
லினக்ஸ்: யார் கையில் பட்டன் என்பதைப் பொறுத்தது. க்னோம் போன்ற மேசைச்சூழல் (திரையில் சாளரங்களையும் பட்டிகளையும் காட்டும் மென்பொருள்) இருந்தால் அதுவே முடிவெடுக்கும். இல்லையென்றால் லினக்ஸின் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஒரு பகுதியான லாகின்ட், இயல்பாகவே கணினியை அணைத்துவிடும். சேமிக்காத கோப்பு போயே போச்சு! சில கணினிகளில் எழுப்பிய அழுத்தமே கட்டளையாகவும் பதிவாகி, விழித்த கணினி உடனே உறங்குவதும் உண்டு.

மாற்றுவது
விண்டோஸ்: கன்ட்ரோல் பேனலில் பேட்டரிக்கும் மின்இணைப்புக்கும் தனித்தனித் தேர்வு.
லினக்ஸ்: பட்டன் லாகின்டின் கையில் இருந்தால், அதன் அமைப்புக் கோப்பில் ஒரே வரி; அழுத்தத்தைப் புறக்கணிக்க 'ignore' என்றும் எழுதலாம்.

நீண்ட அழுத்தம்
இரண்டிலும் ஒன்றே. கணினியின் மின்சக்தி நிர்வாகத்துக்கான பொதுத் தரமான ஏசிபிஐ விதிப்படி 4 விநாடிக்கு மேல் பிடித்தால் வன்பொருளே அணைத்துவிடும். சில கணினிகளில் இன்னும் நேரமாகும்.

அமைப்பைத் தொடவே விரும்பாதவருக்கு விண்டோஸ். பட்டன் எழுப்ப மட்டுமே வேண்டும் என்பவருக்கு, அந்த ஒரு வரியை மாற்றிய லினக்ஸ்.