சர்வர் ரேக் வாங்கறவங்க ஆழத்தப் பாருங்க, எனக்கு 36,500 ரூபாய் போச்சு

கை இன்னும் நடுங்குதுங்க, அதோடதான் எழுதறேன். திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு பிரிண்டிங் டிசைன் போட்டுக் குடுக்கற சின்ன ஆபீஸ் எங்களுது. நானும் மச்சானும் பாத்துக்கறோம். பத்து வருச ஃபைல் பூராம் ஒரே சர்வர்ல கெடக்குது. அது மேசை மேல பஞ்சும் தூசியும் ஏறி நின்னுச்சு. அதுக்கொரு ரேக், அதாங்க சர்வர உள்ள மாட்டி வெக்கற இரும்பு அலமாரி, வாங்கப் போயி 36,500 ரூபாய விட்டுட்டு உக்காந்திருக்கறேன்.

கோயமுத்தூர்ல நெட்வொர்க் சாமான் விக்கற கடை. கடைக்கார அண்ணன் அவரே ஆபீசுக்கு வந்தாருங்க. அங்கதான் நான் மோசம் போனேன். டேப்ப எடுத்து, என் கண்ணு முன்னால சர்வரோட முகப்ப, ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிட்டு இருக்கற தகட்டோட சேத்து அளந்தாரு. "பாருங்க தம்பி, இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும் பத்தொம்பது இன்ச். ஒசரம் 2யூ. ஒரு யூ ஒன்னே முக்கா இன்ச், கணக்கு சரியா வருதுங்களா? உலகம் பூராம் இதே அளவுதான்"னாரு. அளவ என் நோட்டுலயே எழுதிக் குடுத்தாரு. அம்மா மோர் கொண்டாந்து குடுத்தாங்க, "நம்மூட்டுப் பையன் மாதிரி, உங்கள ஏமாத்தி நான் என்னத்தக் கட்டிக்கப் போறேன்"னு சொல்லிக் குடிச்சாரு. நேர்ல வந்து டேப் வெச்சு அளந்த மனுசன எப்படிங்க சந்தேகப்படறது? அங்கயே பணத்த அனுப்பிட்டேன். ரேக்குக்கு 27,000, ரயிலுக்கு (சர்வர ரேக்குக்குள்ள ரெண்டு பக்கமும் தாங்கற சட்டம்) 6,500, வண்டி வாடகை மாட்டற கூலி 3,000.

அந்த பத்தொம்பது இன்ச் அகலத்துக்கு மட்டும்தாங்க. ஆழம் 600, 800, 1000, 1200 மில்லிமீட்டர்னு பல அளவுல வருது. எங்களுக்கு எறக்குனது 800. அதுவும் வெளிக்கூட்டோட அளவு. முன்கதவுக்கும் சர்வர மாட்டற முன்கம்பத்துக்கும் நடுவுல போற எடம் போக, உள்ள மிச்சம் 70 சென்டிமீட்டர். சர்வரோட உடம்பு 74. பின்னால பவர் பிளக்கும் கேபிளும் வளையறதுக்கு இன்னும் எடம் வேணும். பின்கதவு எங்க சாத்தறது? ரயிலும் உக்காரல. அதோட கொக்கி சதுர ஓட்டைக்குச் செஞ்சது, இந்த ரேக்குல இருக்கறது மரை போட்ட வட்ட ஓட்டை. பின்கம்பத்த நகத்தலாம்னு பாத்தா, வெல்டு வெச்சிருக்குது. மாட்ட வந்த பையன் பாத்துட்டு, "டெப்த் பாக்கலீங்களாண்ணா?"ன்னு என்னயக் கேக்கறான்!

அது திங்கக்கெழம. அன்னிக்கு ராத்திரி கூப்பிட்டா "காலைல ஆள் அனுப்பறேன் தம்பி"ன்னாரு. செவ்வாக்கெழம ஆரும் வரல. புதன்கெழம, "பின்கதவக் கழட்டி வெச்சுட்டு ஓட்டுங்க, காத்தோட்டமா இருக்கும்"னாரு. அந்தத் தூசிக்குப் பயந்துதானுங்க கதவு வெச்ச ரேக்கே கேட்டேன்! நேத்து, "3,500 குடுங்க, தட்டு ஒன்னு போட்டுத் தர்றேன்"னாரு. தட்டுப் போட்டா 70 சென்டிமீட்டர் 74 ஆயிருமா? மாத்திக் குடுங்கன்னேன். "விற்ற பொருள் வாபஸ் இல்லைன்னு பில்லுல இருக்குது, படிக்கலீங்களா?"ன்னு வெச்சுட்டாரு. இன்னிக்கு என் நம்பர எடுக்கறதே இல்ல. மச்சான் நம்பர்ல இருந்து கூப்பிட்டா முதல் ரிங்லயே எடுக்கறாரு, என் குரலக் கேட்டதும் கட் பண்றாரு. நோட்டுல அவரு எழுதுன அளவு அப்படியே இருக்குது, அகலமும் ஒசரமும். ஆழம்னு ஒரு வரி இல்ல.

36,500 ரூபாய்ங்க. ரெண்டு மாச ஆபீஸ் வாடகை. நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கறேன்.

எப்படி அளக்கோணும்னு படம் போட்டு விவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப மனசு ஓடலீங்க. இதயாச்சும் பாத்துக்குங்க. சர்வரோட முழு நீளத்தையும் நீங்களே அளங்க, பின்னால பிளக்குக்கு ஒரு சாண் சேத்துக்குங்க. ரேக்குல முன்கம்பத்துல இருந்து பின்கதவு வரைக்கும் உள்ளளவு கேளுங்க. ஓட்டை சதுரமா வட்டமான்னு பாருங்க. ஆழத்த மில்லிமீட்டர்ல பில்லுல எழுதி வாங்காம ஒத்தப் பைசா அனுப்பாதீங்க. என் பில்லுல "சர்வர் ரேக் 1"ன்னு மட்டும்தான் இருக்குது.