பெர்சியஸ் நிழற்பாவைத் தொகுப்பு: வாங்கலாம், கேடயத்தை மட்டும் மாற்றுங்கள்

களியக்காவிளைப் பக்கம் சிறுவர் புத்தகக் கடைகளில் கிடைக்கும் இந்த அட்டைப் பாவைகள், கிரேக்கப் புராணத்தில் மெதூசா என்ற பாம்புக்கூந்தல் அரக்கியின் தலையைக் கொய்யப் புறப்பட்ட இளைஞன் பெர்சியஸின் கதையைச் சொல்கின்றன. வெட்டு வேலை அருமை. கதையில் வரும் மூன்று கிழவிகளுக்கும் பொதுவான ஒற்றைக் கண் தனியே கழன்று வருகிறது. அது கைமாறும்போது பெர்சியஸ் பிடுங்கிக்கொள்ளும் கட்டத்தைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சிறகுச் செருப்பு, உருமறைக்கும் தொப்பி, தலையைப் போடும் பை, வளைந்த வாள் எல்லாம் உண்டு.

கேடயம்தான் ஏமாற்றம். மெதூசாவை நேரே பார்த்தால் கல்லாகிவிடுவோம்; அதனால் வெண்கலக் கேடயத்தில் பிம்பம் பார்த்தே வெட்டுகிறான். இங்கே அது வெறும் கறுப்பு அட்டை. வெள்ளித்தாள் ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் ஒளி திரையில் தெறிக்கும்.

இன்னொரு பிழை: பெர்சியஸைப் பெகாசஸ் என்ற சிறகுக் குதிரை மேல் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் குதிரை மெதூசாவின் வெட்டுண்ட கழுத்திலிருந்து பிறந்தது. அதில் ஏறியவன் பெல்லரஃபோன் என்ற வேறொரு வீரன். அந்த அட்டையைத் தனியே வைத்துவிடுங்கள்.

டியூப் லைட் வேண்டாம், நிழல் கலங்கும். சிறிய ஒற்றை பல்பு போதும். தோல்பாவைக்கூத்தில் செய்வதுபோலப் பாவையை வேட்டித் திரையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். விலகினால் விளிம்பு மங்கும். மூட்டு ஆணிகளை இறுக்கினால் கை அசையாது, கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள்.