சுங்கை சிப்புட் செயலாய்வுப் பட்டறை: அறிவியல் ஆசிரியர்கள் காசு கட்டிப் போகலாமா?

அறிவியல் கற்பித்தலில் ஆய்வு செய்யக் கற்றுத் தருகிறோம் என்று விளம்பரம் வந்த அந்த வார இறுதிப் பட்டறைக்குப் போய்விட்டு வந்தேன். பேராக், சுங்கை சிப்புட் பட்டணத்தில், கடை வரிசைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு டியூஷன் மையத்தில் நடந்தது. கட்டணம் 250 ரிங்கிட், மதியச் சாப்பாடும் அதிலேயே. வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கேட்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நடத்தியவர் ஓய்வுபெற்ற விரிவுரையாளர். செயலாய்வின், அதாவது ஆசிரியர் தன் வகுப்பிலேயே ஒன்றைச் செய்து பார்த்து ஆராயும் முறையின் வரலாற்றை, உளவியலாளர் குர்ட் லெவின் 1946-இல் எழுதியது, திட்டமிடு, செய், கவனி, சிந்தி என்ற சுழற்சி எல்லாவற்றையும், தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டு நேராக எங்கள் தலைப்புகளுக்கு வந்துவிட்டார். எல்லோரும் 'தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி மாணவர்களிடையே அறிவியல் ஆர்வத்தை மேம்படுத்துதல்' மாதிரி பெரிய பெரிய தலைப்பாகத்தான் கொண்டு போயிருந்தோம். ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, "சரி, இதை எப்படி அளப்பீங்க?" என்று மட்டும் கேட்டார், பாதித் தலைப்புகள் அங்கேயே படுத்துவிட்டன. பக்கத்தில் இருந்த டீச்சருடையது மதியத்துக்குள், தொடர் மின்சுற்றில் முதல் மின்குமிழ் மின்னோட்டத்தைத் தின்றுவிடும், இரண்டாவதற்குக் குறைவாகத்தான் போகும் என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஏன் நினைக்கிறார்கள் என்ற அளவுக்குச் சுருங்கியது. என்னைக் கேட்டால் கொடுத்த காசு அந்த இடத்திலேயே திரும்பிவிட்டது.

அப்புறம் அதே மின்சுற்றை வைத்தே 'ஊகி, உற்றுநோக்கு, விளக்கு' முறையைச் செய்ய வைத்தார். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஒயிட்டும் கன்ஸ்டனும் பரப்பிய முறை, நம்மில் பலர் பெயரளவில் கேள்விப்பட்டதுதான். ஆனால் சுவிட்சைத் தட்டும் முன் ஊகத்தையும் காரணத்தையும் பேனாவில் எழுத வேண்டும், பென்சில் கூடாது என்றார். பிள்ளைகள் விடை தெரிந்ததும் அழித்துவிட்டுச் சரியானதை எழுதிவிடுவார்கள், நாமும் சிவப்பு மையில் சரி போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். ஆய்வுக்கு வேண்டியதோ அந்த அழிக்கப்பட்ட வரிதான். அது போய்விட்டால் பிள்ளை என்ன நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

மதிப்பெண் உயர்வைக் கணக்கிடும் விதமும் உருப்படியாக இருந்தது. நூற்றுக்கு 40-இல் இருந்து 70-க்கு வந்த வகுப்பு, 80-இல் இருந்து 90-க்கு வந்த வகுப்பு, எது நன்றாகக் கற்றது? ஏறியிருக்கக்கூடிய தூரத்தில் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் இரண்டுமே 0.5. ரிச்சர்ட் ஹேக் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1998-இல் 62 இயக்கவியல் வகுப்புகள், 6,000-க்கு மேற்பட்ட மாணவர்களின் முன்தேர்வு, பின்தேர்வுகளை இப்படித்தான் ஒப்பிட்டார். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரி 0.23, மாணவர்களைப் பேசவும் செய்யவும் விட்ட வகுப்புகளில் 0.48. அது அங்குள்ள உயர்நிலைப்பள்ளி, கல்லூரி மாணவர்களின் கணக்கு, அந்த எண்ணைத் தூக்கிவந்து நம் பிள்ளைகள் தலையில் வைக்காதீர்கள் என்று விரிவுரையாளரே எச்சரித்ததும் பிடித்தது.

இனி குறைகள். புள்ளியியல் பகுதிக்கு வேறு ஓர் இளைஞரை அழைத்து வந்திருந்தார்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் திரைப்பிடிப்புகளாக ஸ்லைடு மேல் ஸ்லைடு ஓட்டினார், எல்லாம் 300 பேர் மாதிரிக்கான உதாரணம். ஆண்டுக்கு ஒரே வகுப்பு, அதில் ஒன்பது பிள்ளைகள் இருக்கும் தோட்டப் பள்ளிக்காரன், புது முறையைத் தொடாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு எங்கே போவான்? ஒரு பிள்ளை காய்ச்சலோடு பின்தேர்வு எழுதினால் சராசரியே சாய்ந்துவிடும். சின்ன எண்ணிக்கைக்கு உதவும் வில்காக்சன் சோதனையின் பெயரைக்கூட அவர் எடுக்கவில்லை. பெற்றோர் ஒப்புதல், பிள்ளைகளின் பெயரை மறைப்பது, முதுகலைக்காகப் பள்ளிகளில் தரவு திரட்டப் போகிறவர்கள் கல்வி அமைச்சின் இ-ராஸ் (eRAS) என்ற ஆய்வு விண்ணப்பத் தளத்தில் அனுமதி கேட்பது இவையெல்லாம் கடைசியில், ஆட்கள் பையை மூடிக்கொண்டிருக்கும்போது அவசர அவசரமாக வந்தன. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவை. ஏர்கோன் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது. சாப்பாடு பரவாயில்லை, மீன் குழம்பு நன்றாகவே இருந்தது.

ஐந்துக்கு மூன்றரை தருவேன், புள்ளியியல் பகுதியைத் திருத்தினால் நாலரை. சான்றிதழ் மட்டும் போதும் என்பவர்கள் இந்தக் காசுக்கு வேறு இடம் பார்க்கலாம், இங்கே வேலை வாங்குகிறார்கள். அடுத்த பட்டறை பள்ளி விடுமுறையில் இருக்குமாம். போகிறவர்கள் பிள்ளைகளின் அறிவியல் பயிற்சிப் புத்தகங்கள் நாலைந்தைப் பெயரை மறைத்துக் கையோடு கொண்டு போங்கள். பயிற்சி எல்லாம் அதை வைத்துத்தான், கையை வீசிக்கொண்டு போனால் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.