ஏற்காடு ரோட்டில் ஒரு சிங்கப்பூர் கடை

சேலம் அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு போகிற வழியில் இருக்கிற அந்தக் கடைக்குப் போன வாரம் போனேன். ஓனர் பல வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர். கல்லாவுக்கு மேலே முருகன் படம், பக்கத்திலேயே சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ, ரெண்டுக்கும் மாலை!

ரொட்டி பராட்டா அருமை. நம்ம ஊர் பரோட்டா அளவுக்குக் கனமில்லை, மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு, தொட்டுக்க மீன் குழம்பு. தே தாரிக் என்கிற நுரை பொங்க ஆற்றின பால் டீ சுமார்தான், சர்க்கரை தூக்கல்.

சாப்பிட்டு முடிக்கிறவரை அண்ணன் லீ புராணத்தை நிறுத்தவில்லை. 1959 முதல் 1990 வரை பிரதமர், 1965-ல் மலேசியாவை விட்டுப் பிரிந்தபோது டிவியில் கண்கலங்கிய மனுஷன், அப்புறம் அடுக்குமாடி வீடு கட்டிக் கொடுத்தது, தெருவோர வண்டிக்கடைகளை ஹாக்கர் சென்டர் என்கிற பொது உணவுக்கூடங்களுக்குள் கொண்டுவந்தது, நாலு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்றாக இருப்பது என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லாம் உண்மைதான். ஆனால் சியா தை போ என்ற எதிர்க்கட்சிக்காரரை 1966-ல் பிடித்து விசாரணையே இல்லாமல் 23 வருஷம் சிறையில் வைத்தார்களே அண்ணே என்றேன். "அது அந்தக் காலத்துத் தேவை தம்பி" என்று பில்லை நீட்டிவிட்டார்.

கடையும் அவர் தலைவர் மாதிரிதான். டோக்கன், வரிசை, தட்டை நாமே எடுத்து வைக்கணும், தரையில் ஒரு பருக்கை கிடையாது. குழம்பில் உப்பு கூட என்று சொன்னதற்குத்தான் முகம் மாறிவிட்டது.

ஞாயிறு சாயங்காலம் மட்டும் போகாதீர்கள், மலையிலிருந்து இறங்குகிற கார்களால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.