மினாக்சிடில் 5% லோஷன் (முடி கொட்டுவதற்குத் தலையில் தடவும் மருந்து): 14 மாதம் போட்டுப் பார்த்தபின்

மூன்றாவது மாதத்தில் எழுதியிருந்தால் யாரும் வாங்காதீர்கள் என்றுதான் எழுதியிருப்பேன், அதனால்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்.

எனக்கு 27 வயது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் சொட்டை, எனக்கும் வரும் என்று தெரியும். ஆனால் தங்கை கல்யாண ஆல்பத்தில் பின்னாலிருந்து எடுத்த படத்தில் என் உச்சியை நானே பார்த்த நாளிலிருந்து டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார மாட்டேன், ஹெல்மெட்டைக் கழற்றும் முன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். வரனுக்குப் போட்டோ கேட்டபோது நாலு வருடப் பழைய படத்தைக் கொடுத்துவிட்டு, அன்று இரவு அம்மா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

முதலில் முடி நடும் கிளினிக் ஒன்றுக்குப் போனேன். டாக்டரைப் பார்ப்பதற்குள்ளேயே 3,000 கிராஃப்ட் (நடுவதற்கு வேரோடு எடுக்கும் சிறு முடிக்கொத்து), இஎம்ஐ என்று பேச ஆரம்பித்தார்கள், எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் பார்த்த தோல் டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார்: கொட்டுவதைக் கட்டுப்படுத்தாமல் நட்டால் நட்டது நிற்கும், சுற்றி இருப்பது போய்க்கொண்டே இருக்கும், பின்தலையிலிருந்து எடுக்கிற முடிக்கும் ஓர் அளவு உண்டு.

சரி, லோஷனுக்கு வருகிறேன். காலை 1 மி.லி., இரவு 1 மி.லி., 60 மி.லி. பாட்டில் ஒரு மாதம் வரும். மண்டைத் தோலில் பட வேண்டும். ஐந்தாவது வாரம் குளிக்கும்போது முடி கை நிறைய வந்தது. பழைய முடி உதிர்ந்துதான் புதிது முளைக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தும் பாத்ரூமிலேயே அழுதேன். அந்த ஒரு மாதத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம், நிறையப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

லோஷனில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அரிப்பும் செதிலும். அது இல்லாத ஃபோமுக்கு (அதே மருந்து, நுரை வடிவில்) மாறியதும் நின்றது. மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்த மருந்து, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் ரொம்ப ஜாக்கிரதை, தலையணையில் ஒட்டியதை நக்கினால்கூட அதன் உயிருக்கு ஆபத்து.

எட்டாவது மாதம் உச்சி மூடத் தொடங்கியது. நெற்றியின் இரு பக்கமும் ஏறியது ஏறியதுதான். நிறுத்தினால் சில மாதங்களில் வந்ததெல்லாம் போய்விடும், ஆகவே தொடர்ந்து போட முடியும் என்றால் மட்டும் ஆரம்பியுங்கள்.

போன வாரம் புது போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், நெற்றி தெரிகிற மாதிரியே.