கூரைத்தகடு வாங்கிய கடைக்கு ஐந்துக்கு மூன்று

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரையேறியபோது எங்கள் குசினிக் கூரையில் ஆறு தகடுகள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது அதே இடத்தில் ஒன்பது. விடிந்து பார்த்தால் ஆணிகள் சலாகை மரத்திலேயே நிற்கின்றன. தகடு மட்டும் துளையைச் சுற்றிக் கிழித்துக்கொண்டு வயலுக்குள் கிடக்கிறது.

இந்த முறை முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைப் பக்கம் ஒரு ஹாட்வெயாருக்குப் போனேன். முதலாளி தகடு விற்க அவசரப்படவில்லை. "தங்கச்சி, குசினி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்டார். காற்று ஓரத்தைத்தான் முதலில் தூக்குமாம். இறவாரத்திலும் முகட்டிலும் நெருக்கமாக அடிக்கச் சொன்னார். இறப்பர் வாசர் போட்ட திருகாணியும், மரத்தைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டியும் எடுத்துத் தந்தார். புதுத் தகட்டை விரலால் அமர்த்திப் பார்த்தேன், நெளியவில்லை.

விலைதான் நெஞ்சை அடைத்தது. 2022இல் இலங்கை ரூபா விழுந்த பிறகு, முன்பு முழுக் கூரைக்குக் கொடுத்த காசு குசினிக்கே காணாது. மரத்தோடு சேர்த்து 64,000 ரூபா. அதில் திருகாணிக்கும் பட்டிக்கும் 7,000தான். அந்த ஏழாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இரண்டு முறை கூரையைக் காற்றுக்குக் கொடுத்தோம்.

ஏற்றுக்கூலியை மட்டும் கடைசியில்தான் சொன்னார்கள். லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் வந்த ஒரு தகட்டின் மூலை மடங்கியிருந்தது. மாற்றித் தர நான்கு நாள் இழுத்தடித்தார்கள். அந்த நான்கு நாளும் குடைக்குக் கீழே சோறு வடித்தேன். அறுவடைவரை கடன் கேட்டால் முதலாளி சிரிக்கிறார்.

மாட்டுக்கொட்டிலுக்கும் அங்கேதான் வாங்குவேன், ஏற்றுக்கூலியை முதலில் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு.